வேறு விமானத்தின் வலது இறக்கை

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்கு பெங்களூரிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலானது. அங்கே போர் விமானங்களைச் சோதிக்கும் பிரிவில் இன்ஜினீயர். இங்கே அலிப்பூர் ஆபீஸில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. பவானிபூர் வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பார். பார்த்துப் பார்த்து எனக்கும் உட்கார முடியாமல் போயிற்று.

சில வருஷம் கழித்து, அவர் வேலை செய்த சோதனை ஜெட் ஒன்று இங்குள்ள அருங்காட்சியகத்துக்குத் துண்டுதுண்டாக லாரிகளில் வந்தது. அந்த ரகத்தில் செய்ததே இரண்டுதான். முதலாவது தரையிறங்கும்போது இடதுபக்கச் சக்கரம் வெளியே வரவில்லை. இறக்கை ஓடுபாதையில் தேய்ந்து, விமானம் சுழன்று நின்றது. பைலட்டுக்கு முதுகில் அடி. அத்தோடு அந்த விமானமும் பறக்கவில்லை, அவரும் பறக்கவில்லை. இரண்டாவது விமானம் சில வருஷம் பறந்தது. இன்ஜினுக்கு வலு போதாது என்று பிறகு திட்டத்தையே கைவிட்டார்கள். இப்போது வந்திருந்தது அந்த இரண்டாவது. துண்டுகளைச் சேர்த்துப் பூட்டத் தெரிந்தவர் வேண்டுமென்று இவரைக் கேட்க, லீவு போட்டுவிட்டுப் போனார்.

நான் சாப்பாடு கொண்டுபோனபோது வலது இறக்கை மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, ஆறிடும், வாங்க."

"இது இதோட இறக்கை இல்ல."

முன்விளிம்பில் கையகலத்துக்கு ஓர் ஒட்டுத் தகடு. முதல் விமானத்தில் பருந்து மோதியபோது இவரே பக்கத்தில் நின்று போடவைத்தது. பெங்களூருக்குப் போன் செய்து கேட்டார். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க, இரண்டாவதின் வலது இறக்கையை முறியும்வரை வளைத்துவிட்டார்களாம். காட்சிக்குத்தானே என்று முதல் விமானத்திலிருந்து கழற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

"பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது, தாதா? பூட்டிடுங்க," என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர்; தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன்.

பூட்டினார். ஆனால் ராத்திரியெல்லாம் புரண்டார். "விமானத்துக்கு முன்னாடி வெச்ச பலகையில பாதி விமானத்தோட கதைதானே இருக்கு?"

"என்கிட்ட சொல்லி என்ன? அந்த பைலட்கிட்ட சொல்லுங்க," என்றேன் எரிச்சலில்.

பைலட் ஓய்வுபெற்று கோயம்புத்தூரில் இருந்தார். எஸ்டிடி பூத்தில் நான் பக்கத்தில் நிற்க, இவர் விஷயத்தைச் சொன்னார். "அதை உடைச்சு எடைக்குப் போட்டாச்சுன்னுல்ல சொன்னாங்க," என்று ரிசீவரில் அவர் குரல் எனக்கே கேட்டது. பிறகு, "நான் வரேன்."

பூஜை விடுமுறை முடிந்து கூட்டம் குறைந்ததும் ரயிலில் வந்தார். நெடுநெடுவென்று இருந்தார், கையில் தடி. ஒட்டுத் தகட்டைத் தடவி, "அந்தப் பருந்து," என்று சிரித்தார். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து இறக்கைக்கு அடியில் போய், இறக்கையோடு வந்த சக்கரத்தின் மேல் கை வைத்தார்.

"இந்தப் பக்கம் அன்னிக்கு ஒழுங்காத்தான் இறங்கிச்சு," என்றார்.

மூன்று பேரும் அந்த இறக்கை நிழலிலேயே உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பாளர் தானாகவே வந்து, பலகையில் என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டார். வலது இறக்கை முதல் விமானத்தினுடையது என்று ஒரு வரி சேர்ந்தது.

அதனால் இவர் அடங்கிவிட்டார் என்று சொல்ல முடியாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கேயே ஓய்வுபெற்றார். இப்போதும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இறக்கைத் தகட்டில் அரிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போவார். நானும் கூடவே கிளம்பிவிடுவேன்.