தூணைக் கட்டியவரின் கைநாட்டு

என் அக்காவுக்கு நான் வைத்த பெயர் 'தூசி'. ஆவணக் காப்பகத்தில் முப்பது வருடமாகப் பழைய கட்டுகளை அவிழ்த்துக் கட்டுகிறவள். இரண்டு வருடமாக ஒரே பித்து: நாங்கள் குடியிருக்கும் வீட்டைக் கட்டியது யார் யார்? அந்தக் காலத்தில் ஒரு அலுவலகம் தன் மேலாளருக்காகக் கட்டிய வீடு என்பதால், வேலையாட்களின் வருகைப் பதிவேடு எங்காவது இருக்கும் என்று அடம்பிடித்துத் தச்சர்கள் இருவரின் பெயரைக் கண்டுபிடித்தும் விட்டாள். "செத்துப்போனவங்களைத் தேடி என்னக்கா பண்ணப்போற?" என்று நான் கேட்காத நாளில்லை. மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பா மட்டும், "இன்னிக்கு யாரும்மா கிடைச்சாங்க?" என்பார்.

அவர் கட்டிலைக் கூடத்துக்கு இறக்கலாமென்றால் நட்டநடுவில் ஒரு தூண். சும்மா அலங்காரத்துக்கு நிற்கிறது என்று முடிவுகட்டி, அக்கா வேலைக்குப் போன பிறகு கொத்தனாரை வரவழைத்தேன். அவளுக்குப் போனில் ஒரு வரி மட்டும் அனுப்பினேன்: தூணை எடுக்கிறோம்.

சம்மட்டிச் சத்தத்தில் அவள் ஒன்பது முறை அழைத்தது காதில் விழவில்லை. தூணில் பாதி பெயர்ந்திருந்தபோது மூச்சிரைக்க வந்து கொத்தனாரின் முன்னால் நின்றாள்.

"கையை எடுங்கண்ணே. அப்பா மேலதான இருக்காரு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் கையிலிருந்த துண்டுத்தாளை நீட்டினாள். அன்று கிடைத்த பதிவேட்டிலிருந்து எழுதி வந்திருந்தாள்: 'கூடத்து உத்தர மரம் மூன்றடி நீளம் குறைவு. இரண்டு மரமாக ஒட்டுப் போட்டாயிற்று. ஒட்டைத் தாங்கத் தூண் எழுப்ப ஒரு கொத்தனார், நான்கு நாள்.'

கொத்தனார் ஏணியில் ஏறித் தூணின் உச்சியருகே பூச்சைச் சுரண்டினார். ஒட்டு தெரிந்தது, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"சார், நான் முட்டுக் கொடுக்கிறேன். பெரியவரை இறக்குங்க."

அந்த உத்தரத்தின் மேல்தான் அப்பாவின் அறை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். ஒவ்வொரு அடிக்கும் கீழே மரம் முனகியது. வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்பா அவளைப் பார்த்தார். "இன்னிக்கு யாரும்மா?"

"தூண் கட்டின கொத்தனார்ப்பா. பேரு இல்ல. கைநாட்டு மட்டும்தான் இருக்கு."

"பேரு வேற எதுலயாவது இருக்கும்" என்றேன். "நாளைக்கு நானும் வரேன்க்கா."

அவள் சிரிக்கவில்லை. "மூக்கைக் கட்டிக்க ஒரு துணி எடுத்துக்கோ" என்றாள்.