பீரோவுக்குப் போகாத மல்டி டூல்

எங்கள் வீட்டில் விலை உயர்ந்த பொருளுக்கு ஒரே இடம்தான், பீரோ. சிங்கப்பூரிலிருந்து தம்பி வாங்கி வந்த டார்ச் லைட் பட்டுப்புடவைக்குக் கீழே கிடந்து, பேட்டரி ஒழுகிச் செத்தது. பீரோவுக்குள் இருந்த இருட்டைத் தவிர வேறு இருட்டை அது பார்த்ததில்லை. அதனால்தான், நான் வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்ததும் அதே தம்பி போனில், மல்டி டூல் வாங்கினால் ஃபாரின் பிராண்டுதான் வாங்க வேண்டும், ஆயுசுக்கும் வாரன்டி உண்டு என்று ஆரம்பித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரிப்பேர் என்றால் பாபநாசத்திலிருந்து எந்த நாட்டுக்குடா கூரியர் போடுவது என்று கேட்டேன்.

குறடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மடங்கி உள்ளங்கையில் அடங்கும் சாமான் அது. பயிற்சி கொடுத்த சார் இடுப்பில் ஒன்று வைத்திருந்தார். அவர் சொன்ன விலைக்கு ஒரு நல்ல கிரைண்டரே வாங்கிவிடலாம். ஆசை இல்லாமல் இல்லை. அந்தப் பளபளப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமே.

கும்பகோணத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மலிவு ரகத்தில் மூன்றை எடுத்துப் போட்டார். குறட்டின் வாயை மூடி டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். முதலாவதில் வெளிச்சம் புகுந்து வந்தது. இரண்டாவதில் கத்தி நிமிர்ந்து நிற்காமல் விரல் மேலேயே மடங்கப் பார்த்தது. மூன்றாவதை வைத்து அவர் கடை ஸ்டூலில் துருப்பிடித்திருந்த ஒரு திருகைக் கழற்றி, திரும்பவும் முடுக்கினேன். முனை மழுங்கவில்லை. கத்திரிக்காய் வாங்க வந்தவள் மாதிரி இத்தனை சோதனையா என்று அவர் முணுமுணுத்தார். கத்திரிக்காய் சொத்தையானால் ஒரு வேளைக் குழம்புதான் போகும் என்று சொல்லிவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

எனக்குப் போகக்கூடியது அதைவிடப் பெரியது. ட்ரோன் எங்கள் மகளிர் குழுவுடையது, ஓட்டுவது நான். அதுவரை துண்டு துக்காணி நிலங்களுக்குத்தான் மருந்து அடித்திருந்தோம். இப்போது எங்கள் பக்கத்துப் பெரிய மிராசு வீட்டு ஐயா, ஒரு வயலுக்கு மட்டும் அடித்துக் காட்டச் சொல்லியிருந்தார். திருப்தியானால் அந்த சம்பா முழுக்க அவர் நிலம் எங்களுக்கு. சொதப்பினால் சுற்று வட்டாரத்தில் ஒருவரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் முட்டி தேயும்வரை என் அம்மா நாற்று நட்டது அவருடைய வயல்களில்தான். நான் கிளம்பும்போது அம்மாவுக்குப் பயம். அவர்கள் வயலில் எதையாவது கெடுத்து வைத்துவிடாதே என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள்.

நடவுக்குப் போகும் பெண்களைப் போல சுடிதாருக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன், அதன் பைக்காகத்தான். ஐயா வாய்க்கால் கரையில் குடையோடு நின்றிருந்தார். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். சொன்னேன்.

"அட, நம்ம நடவுக்கு வந்துகிட்டிருந்தாளே, அவ மகளா நீ?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

பாதி வயல் முடிந்திருக்கும். மருந்து பீச்சும் நாசில்களில் ஒரு பக்கத்தில் மருந்து வரவில்லை. ட்ரோனைக் கரையில் இறக்கிப் பார்த்தால், பம்பில் சொருகியிருந்த டியூப்பின் முனை கிழிந்து கழன்று கிடந்தது. டூல் பாக்ஸ் தார் ரோட்டில் நின்ற லோடு ஆட்டோவில். பின்னால் ஐயா தன் காரியஸ்தரிடம், பழையபடி ஆளை விட்டே அடித்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையிலிருந்ததை எடுத்தேன். கிழிந்த முனையைக் கத்தியால் வெட்டினேன், குறட்டால் டியூப்பைப் பிடித்து அழுத்திச் சொருகினேன், அதை இறுக்கும் கிளாம்ப்பை முடுக்கினேன். ட்ரோன் மேலே ஏறியதும் இரண்டு பக்கமும் புகை மாதிரி மருந்து இறங்கியது.

வேலை முடிந்து, பேட்டரியை எடுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து மல்டி டூல் நழுவியது. கரையின் இந்தப் பக்கம், மருந்து படாத வயலில் சொத்தென்று விழுந்து சேற்றுக்குள் போய்விட்டது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கப் போனேன். அதற்குள் ஐயா குடையைக் காரியஸ்தரிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். விலை கம்மிதான் ஐயா, விடுங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"வெலையா முக்கியம்? தொழில் பண்ற சாமான். நீங்க மேலயே நில்லுங்க" என்றார்.

இறங்கிவிட்டார். கணுக்கால் புதைய, முதுகை வளைத்து, பயிருக்கு நடுவே கையை விட்டுத் துழாவினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கடைசியில் எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் அலசி, மேல்துண்டால் துடைத்து நீட்டினார். நாளைக்கு ஆற்றங்கரை வயல்களுக்கும் வந்துவிடுங்கள், இந்த சம்பா முழுக்க உங்களுக்குத்தான் என்றார்.

ரோட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சம்பா முழுக்க வேலை கிடைத்ததைப் பற்றி அம்மா ஒன்றுமே கேட்கவில்லை.

"அவங்களா எறங்குனாங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"குனிஞ்சா தேடுனாங்க?" என்று அம்மா மறுபடியும் கேட்டாள்.