உள்தாழ்ப்பாள்

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு நடமாடும் மருத்துவ வேனில் நர்ஸாக இருந்தேன். பழைய பஸ்தான் அது. முன்பாதியில் மருந்து அலமாரி, பின்பாதியில் இரண்டு படுக்கைகள். பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை ஊர் ஊராகப் போவோம். நானும் ஆயாவும் வேனுக்குள்ளேயே படுத்துக்கொள்வோம். டிரைவர் கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ படுப்பார்.

வாலிகண்டபுரத்தில் ஒரு விடியற்காலை கண்விழித்தபோது, நாங்கள் பூட்டியிருந்த கதவு திறந்து கிடந்தது. படியில் அணைத்துப் போட்ட பீடி. தேய்ந்துபோன பூட்டு, கரண்டிக் காம்பை விட்டாலே திறந்துகொள்ளும்.

பெரம்பலூர் ஆபீசில் போய் அதிகாரியிடம் சொன்னேன்.

"மருந்து ஏதாவது காணாமப் போச்சா?"

"இல்லிங்க சார். உள்ள நாங்க தூங்கிட்டு இருந்தோம்."

"அப்ப ஒண்ணும் போவலல்ல?"

அந்த வாரமே கதவின் வெளிப்பக்கம் கொண்டி அடித்து, கைமுட்டி அளவு பூட்டு ஒன்று தொங்கவிட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "டிரைவர் வெளியில பூட்டிட்டுப் போவட்டும், காலையில தொறந்துவுடுவாரு" என்றார் அதிகாரி.

கொஞ்ச நாள் ஆடு மாடு போல உள்ளே கிடந்தோம். ஒரு நாள் காலை ஆயாவுக்கு வயிற்றுப்போக்கு. டிரைவர் டீக்கடையில் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. கடைசியில் ஆயா எனாமல் பேசினில்தான் உட்கார வேண்டியிருந்தது. வெளியே அதற்குள் நோயாளிகள் கூடிவிட்டார்கள். எல்லாம் அவர்கள் காதில் விழுந்திருக்கும். கதவு திறந்ததும் ஆயா யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அன்று மத்தியானமே ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினோம். ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து, கதவில் துளை போட்டு உள்பக்கம் முடுக்கவைத்தோம். அன்றிரவிலிருந்து டிரைவரை வெளியே பூட்டவிடவில்லை.

பத்து நாளில் இருவருக்கும் மெமோ வந்தது. அனுமதியில்லாமல் வேனைச் சேதப்படுத்தியதற்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். இரண்டையும் நானே எழுதினேன். என்னுடையதில் கையெழுத்துப் போட்டேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன் சிஸ்டர்?" என்றார் ஆயா.

"சும்மா ஒரு கைநாட்டு வச்சிடுங்கக்கா. வேல போயிடும்."

"பூட்டிட்டுப் போனவங்க எழுதிக் குடுக்கட்டும். அப்பறம் நான் வக்கிறேன்."

அடுத்த மாதம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்டவர்களிடமெல்லாம், என் சம்பளத்தை நம்பித்தான் வீடு இருக்கிறது என்று சொன்னேன். அவர் வீடும் அப்படித்தான் இருந்தது.

தாழ்ப்பாளை யாரும் கழற்றவில்லை. இன்னும் நாலு வருஷம் அதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒருமுறை ஆலத்தியூர்ப் பக்கம் வேன் நின்றபோது, வரிசையில் ஆயா நின்றிருந்தார். கல் சுமக்கிற வேலை, உள்ளங்கை கிழிந்திருந்தது. மருந்து வைக்கும்போது "அக்கா" என்று ஆரம்பித்தேன்.

"சீக்கிரம் கட்டுங்க சிஸ்டர்" என்றார். "மேஸ்திரி தேடுவான்."