பூ மாட்டிய கொக்கி

அந்த மழைக்காலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஸ்டியரிங் இருந்தது. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டில், அடுப்பு, ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற அளவுக்குக் கழிப்பறை எல்லாம் வைத்து என் கணவர் ஒரு வருடம் மெனக்கெட்டுச் செய்த வண்டி. இருவருக்கும் கழக்கூட்டம் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. அவர் புரோகிராம் எழுதுகிறவர். நான் மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கிறவள். வாரத்துக்கு ஒரு நாள் ஆபீஸ் வந்தால் போதும் என்றானதும் வாடகை ஃபிளாட்டைக் காலி செய்தோம். ஊர் ஊராகப் போய்க்கொண்டே வேலை பார்ப்பது அவருடைய கனவு. நானும் சரி என்றேன். யாரும் என் கையை முறுக்கிச் சொல்ல வைக்கவில்லை.

நான் வைத்த ஒரே நிபந்தனை பூ. அப்பா பாறசாலையிலிருந்து லாரி ஓட்டியவர். வெள்ளிக்கிழமை மாலை போடாமல் வண்டியை எடுக்கமாட்டார். நெற்றியில் பூ இல்லாத வண்டியில் நான் ஏறமாட்டேன் என்று சொல்லி, நானே டிரில்லிங் மெஷினை வாங்கி, முன் கண்ணாடிக்கு மேலே கூரையின் முகப்பில் ஒரு கொக்கியைத் திருகி மாட்டினேன். வெள்ளி தவறாமல் அதில் ஒரு பிச்சி மாலை தொங்கும். அவர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

முதல் பயணம் போனக்காடு மலைக்கு. தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் வண்டியின் பின்கோடியில் மெத்தையின் தலைமாடு நனைந்திருந்தது. அதற்கு நேர் மேலே, படுத்தபடி வானம் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசை ஆசையாகக் கூரையை வெட்டிப் பதித்த கண்ணாடி ஜன்னல்.

“கூரையில ஓட்டை போட்டா ஒழுகாதா பின்னே?” என்றேன், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தியோடு.

“சாரமில்ல, பரவாயில்ல. இத சரியாக்கிட்டுக் கிளம்பலாம். ஒழுகுற வண்டிய வெச்சு மலை ஏற முடியாதல்லே.”

அப்படி நின்றதுதான் வண்டி. கழக்கூட்டத்தில் தெரிந்த ஒரு டீச்சரம்மா தன் வீட்டின் பின்பக்கத்து இடத்தை விட்டுக்கொடுத்திருந்தார். இடம் சரிவு. மதிலை ஒட்டிய மேட்டில் வண்டியின் மூக்கு, பள்ளத்தில் எங்கள் கட்டில். என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சரம்மா, “மோளே, சோர்ச்ச மாறியோ?” என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதிலாக ஒழுகல் நின்றதா என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம்.

ஓட்டை அடைக்கிற சிலிக்கோன் பசையை நான் வெறுத்த மாதிரி வேறெதையும் வெறுத்ததில்லை. சொட்டுகிற இடத்தில் உள்ளே நின்றபடி அவர் சிலிக்கோன் அடிப்பார். காய்ந்ததும் ஒரு சாண் தள்ளிச் சொட்டும். அங்கேயும் அடிப்பார். மேலே ஏறி ஜன்னலின் சட்டத்தைச் சுற்றி அடிப்பார். இரண்டு நாள் ஒன்றும் இருக்காது, அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அடுத்த மழைக்கு மறுபடியும் தலைமாட்டில் எவர்சில்வர் கிண்ணம்.

மழைக்குப் பயந்து ஜன்னல்கள் எந்நேரமும் மூடியே கிடந்தன. துணி காயவில்லை. தலையணை உறையில் பூஞ்சை. அவர் எழுந்து நின்றால் நான் உட்கார வேண்டும், கழிப்பறைக் கதவைத் திறந்தால் அடுப்பங்கரை அடைபடும். ஆபீஸ் மீட்டிங் வந்தால் நான் டிரைவர் சீட்டுக்குப் போய் லேப்டாப்பை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொள்வேன். எதிரே கண்ணாடி முழுக்க டீச்சரம்மாவின் மதில். மூன்று மாதம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரே சுவரைப் பார்த்திருக்கிறேன். சில நாள் மீட்டிங் முடிந்த பிறகும் மைக்கை அணைத்துவிட்டுப் பேசுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டிருப்பேன், உள்ளே திரும்பிப் போகப் பிடிக்காமல்.

ஆவணி பிறந்தபோது அவரே ஒரு தீர்மானத்துக்கு வந்தார். ஓணத்துக்குள் ஒழுகல் நின்றால் வண்டியில் கிளம்புவது. நிற்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு வீடு பார்ப்பது. நான் யோசிப்பது போல் கொஞ்சம் முகத்தை வைத்துக்கொண்டு சம்மதித்தேன். அன்றிலிருந்து மழைக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தப்பு எங்கே என்று தெரியாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். ஜன்னல்தான் காரணம் என்று நிரூபித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை என்றும் தோன்றியது. அவர் ஆபீஸ் போன ஒரு சனிக்கிழமை, வானம் கொஞ்சம் வெளுத்திருந்த நேரம், அடுப்புக்கு மேலிருந்த காற்றாடியை வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி திருப்பி மாட்டினேன். கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாவற்றையும் டேப் ஒட்டி அடைத்தேன். காற்று உள்ளே நிறைந்தால் ஓட்டை வழியாகத்தானே வெளியே வரவேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு ஏணியில் ஏறி, கூரை முழுக்கத் தெளித்தேன்.

அவருடைய கண்ணாடி ஜன்னலைச் சுற்றி ஒரு குமிழிகூட எழவில்லை. பத்து நிமிடம் குனிந்து பார்த்தேன், ஏமாற்றமாக இருந்தது. பக்கவாட்டில் ஒன்றுமில்லை. பிறகு முன்னால் வந்தேன். வாடிய பிச்சிச் சரத்துக்குப் பின்னால், என் கொக்கியின் அடியில், ஒரு குமிழி பெரிதாகி உடைந்தது. உடனே அடுத்தது. முதலிலேயே துளையில் சரியாக இறுகாத திருகாணி, வாராவாரம் நனைந்த மாலையின் கனத்தில் இன்னும் தளர்ந்திருந்தது. அங்கே இறங்கிய தண்ணீர் கூரைக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே சரிவில் ஓடி, பின்கோடியில் அவர் ஜன்னலருகே வந்து சொட்டியிருக்கிறது.

கொக்கியைக் கழற்றி ஒரு பொட்டு சிலிக்கோன் வைத்தால் தீர்ந்தது. குழல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் டேப்பையெல்லாம் உரித்தேன், காற்றாடியைப் பழையபடி மாட்டினேன், சோப்புத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன். ஓணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. அவர் வந்ததும் காபி கொடுத்தேன்.

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை நான் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தபோது வண்டிக்குள் இருட்டாக இருந்தது. அவர் கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி ஜன்னல் கீழே, மெத்தையில், பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஒரு அலுமினியத் தகடு.

“உனக்குத்தான் ஒரு பாடு கஷ்டமாப் போச்சு,” என்றார். “ஜன்னல் வேண்டாம். இனி ஒழுகாது பாரு.”

சாயங்காலம் மழை வந்தது. இருவரும் தகட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் முதல் சொட்டு விழுந்தது. அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை.

“ஜன்னல் இல்ல. என் கொக்கிதான். பூ மாட்டுற கொக்கி.”

“எப்படித் தெரியும்?”

“சோப்புத் தண்ணி விட்டுப் பாத்தேன். சனிக்கிழம.”

அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. தகட்டைப் பார்த்தார், துண்டுச் சுருட்டைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். குரல் உயரவே இல்லை.

“இங்க இருக்க இஷ்டமில்லன்னா நேரே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். மூச்சு முட்டுதுன்னு சொன்னேன், துணி நாறுதுன்னு சொன்னேன், அந்தச் சுவரப் பாக்க முடியலன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவயும் நீங்க சிலிக்கோன் வாங்கிட்டு வந்தீங்க.”

அவர் எழுந்து சிலிக்கோன் குழலைக் கையில் எடுத்தார். கதவு வரைக்கும் போய் நின்றார்.

“மழை விட்டதும் அடைச்சிரட்டா?” என்று கேட்டார். அந்த மூன்று மாதத்தில் அடைப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டது அப்போதுதான்.

“அடைங்க,” என்றேன். “ஆனா ஒழுகாட்டாலும் எனக்கு இங்க இருக்க முடியாது.”

அவர் குழலை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, மூடியே கிடந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். சாரல் நேராக மெத்தையில் விழுந்தது. இருவரும் அதை நகர்த்தவில்லை.