கல்யாண ரவிக்கையில் ஒரு துண்டு

பேராவூரணியில், வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு நடத்துகிறேன். படிக்க வந்த கவிதா நாலு வயது மகளையும் கூட்டிவருவாள். அது நூல்கண்டை உருட்டும், ஊசிகளைக் கொட்டும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள், ஒருத்தர் தைக்கக் கொடுத்திருந்த கல்யாண ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தது.

"புள்ளைய அடக்கத் தெரியாதவளுக்குத் தையல் எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"மன்னிச்சிருங்கக்கா" என்ற கவிதா, ஸ்கேலை எடுத்துக் குழந்தையின் கைகளில் அடித்தாள்.

"நான் வெட்டலம்மா!" என்று அது அலறியது. அதோடு கவிதா வகுப்புக்கு வரவில்லை.

மறுநாள் என் மகளின் பொம்மை அந்தத் துண்டைப் பாவாடையாகக் கட்டியிருந்தது. மானம் போய்விடுமென்று யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் பஸ்ஸில் கவிதா, "உக்காருங்கக்கா" என்று எழுந்து இடம் கொடுத்தாள். என்னைக் கண்டதும் குழந்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.