கடலைக்காரியின் மெம்பர்

யுத்த காலத்து ஆவடி ஸ்டேஷன். ரயிலைக் காணோம். பக்கத்தில் நிற்கும் அமெரிக்க சார்ஜென்ட், ஊரில் மளிகைக் கடைக்காரராம். இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் அவர்கள் மாகாணச் சட்டசபைக்கு ஜெயித்தாராம். கொட்டும் பனியில் வீடு வீடாகப் போய்த் தாமே கதவைத் தட்டினாராம்.

பிளாட்பாரத்தில் கடலை விற்கிறவளைக் காட்டி, "இவளுடைய மெம்பர் யார்? கேளுங்கள்" என்கிறார். தமிழில் கேட்கிறேன்.

"யார் கண்டா சாமி? நெலம் நீச்சு கீறவங்களுக்குத்தான் ஓட்டு. அவுங்க தெருவோட மெம்பர் காரு திரும்பிப் பூடும். எங்க சேரிக்கு இன்னாத்துக்கு வரப்போறாரு?" கடலையை மடித்து நீட்டுகிறாள். "நீங்க பாத்தா சொல்லுங்க சாமி, எங்க கெணறு தூந்து கெடக்குன்னு."

"சொல்றேம்மா" என்கிறேன், இந்தத் தொகுதியின் மெம்பராகிய நான்.