இசக்கி வீட்டுக் காப்பி

இசக்கி போய்விட்டாள். அவளுடைய ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்தான் எனக்குப் போன் செய்தார். காலைப் பனிமூட்டம், ரிங் ரோடு, லாரி. ஸ்கூட்டரில் டியூட்டிக்கு வந்துகொண்டிருந்தவள் அந்த இடத்திலேயே இறந்துவிட்டாள் என்றார். "அச்சா சார்" என்றேன். கொஞ்சம் தயங்கி, அவளுடைய அம்மாவுக்கு நானே போய்ச் சொல்ல முடியுமா, சொந்த பாஷைக்காரர் சொன்னால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். அதற்கும் "அச்சா சார்" என்றேன்.

அவளோடு குற்றவியல் படித்த உங்களுக்கும், அவளோடு காக்கி போட்ட உங்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இன்னும் அழவில்லை. கல்மனசுக்காரி என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மரத்துப்போய்க் கிடக்கிறது. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் தலைநகரிலேயே வளர்ந்தவர்கள், நான் சரோஜினி நகர், அவள் மோதி பாக். எங்கள் வீட்டில் சேலத்துத் தமிழ், அவள் வீட்டில் திருநெல்வேலி. கோபம் வந்தால் இரண்டு பேருக்கும் இந்தி. போலீசுக்குப் போக எதற்குக் காலேஜ் படிப்பு, ஓடத் தெரிந்தால் போதாதா என்று என் சித்தப்பா கேட்டதை அவளிடம் சொன்னேன். "அரே, அதுதானே எனக்கு வராது! அதான் படிக்க வந்திருக்கேன்" என்றாள். நிஜமாகவே வராது. உடல்தகுதித் தேர்வுக்குத் தயாரானபோது, ஒரு சுற்று முடிவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "ஏட்டி, எந்தத் திருடன் இம்புட்டு தூரம் ஓடுவான்? அவனுக்கு மூச்சு வாங்காதா?" என்பாள். சிரித்துச் சிரித்து நானும் நின்றுவிடுவேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு செய்முறை வகுப்பு. சாவுச் செய்தியை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று நடித்துக் காட்ட வேண்டும். நான் போலீஸ், இசக்கி கணவனை இழந்தவள். மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். அவள் கத்தவில்லை, மயங்கி விழவில்லை. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். உட்காருங்கள், டீ கொண்டுவருகிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. இப்படி யாராவது செய்வார்களா, ஒழுங்காக நடி என்று பேராசிரியர் எரிந்து விழுந்தார். செய்வார்கள் சார் என்றாள் இசக்கி. அதற்குமேல் நடிக்கவில்லை.

கேன்டீனில்தான் காரணம் தெரிந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அவளுடைய அப்பா ஆபீசிலிருந்து வரும் வழியில் பஸ்ஸிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். சொல்ல ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"அம்மா கேட்டுக்கிட்டா. நேரே அடுப்படிக்குப் போயிட்டா. காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சா. அந்த மனுஷன் வாட்சைப் பாத்தாரு, எந்திரிச்சாரு, போயிட்டாரு. காப்பி அப்படியே கெடந்துச்சு. அம்மா இன்னைக்கும் அதைத்தான் சொல்லுதா. 'ஒரு வாய் குடிச்சிருக்கலாம்லா'ங்கா."

போலீசில் சேர இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டேன்.

"உன் காரணம் என்ன, யூனிஃபார்ம்தானே?" என்றாள்.



இரண்டு பேரும் எஸ்.ஐ. ஆனோம், வேறு வேறு ஸ்டேஷனில். செய்தி சொல்லப் போன வீட்டில் அவள் உட்கார்ந்துவிட்டால் ஜீப் டிரைவர் எஞ்சினை அணைத்துவிடுவாராம். ஸ்டேஷனிலிருந்து ஜல்தி ஜல்தி என்று வயர்லெஸ்ஸில் கத்தினாலும் மேடம் கிளம்ப மாட்டார் என்று அவருக்குத் தெரியும். "சொல்லுறது ஒரு நிமிஷம்ட்டி. அதுக்கப்புறம் அவங்க கைக்கு ஒரு வேலை வேணும். டீயோ தண்ணியோ, குடுத்தா வாங்கிக் குடிச்சிரு" என்று என்னிடமும் சொல்லியிருக்கிறாள். நான் தலையாட்டுவேன். பாதி வீடுகளில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மோதி பாக் குவார்ட்டர்ஸில் படியேறும்போது வாக்கியத்தைத் தேடினேன். இந்தியில் எத்தனையோ வீடுகளில் சொன்னதுதான். தமிழில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இசக்கியின் அம்மா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கணவர் போன பிறகு அவருடைய ஆபீசிலேயே கிடைத்த வேலை. யூனிஃபார்மில் என்னைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"அம்மா, இசக்கி இறந்துட்டாம்மா. காலைல ஆக்சிடென்ட்."

என் தோளில் இருந்த நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உக்காருட்டி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். பால் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. லைட்டர் இரண்டு மூன்று தரம் தட்டும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே நின்றார். என் போன் விடாமல் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீயாவது குடிச்சிட்டுப் போவியாட்டி?" என்றார்.

போனை அணைத்தேன். குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன். வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் அழுதார்.

இசக்கியின் ஞாபகமாக எதையாவது எடுத்துக்கொள் என்று அம்மா சொன்னார். வேண்டாம் என்றேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வழக்கம் ஒன்றைத்தான். இனி எந்த வீட்டிலும், கொடுத்ததைக் குடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

நீங்களும் துக்கம் கேட்க என் வீட்டுக்கு வருவீர்கள். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. அனேகமாக எழுந்துபோய்க் காப்பி போடுவேன். குடித்துவிட்டுப் போங்கள்.